விடுதலை தேடி வந்த ஒரு குடும்பம்



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் தொடக்கப் பகுதி வாசிக்கப்படுகிறது. ஆபிரகாமிலிருந்து யோசேப்பு வரை வரிசையாகப் பெயர்கள். வாசிப்பவருக்கு நாக்குச் சுழலும். கேட்பவருக்குக் கொட்டாவி வரும். ஆனால் அந்தப் பட்டியலைக் கவனமாகக் கேட்டால் ஒன்று புரியும். மத்தேயு தம் ஆண்டவரின் குடும்ப வரலாற்றில் எதையும் மறைக்கவில்லை. தாமார் இருக்கிறார், இராகாபு இருக்கிறார். மன்னர் தாவீதைப் பற்றிச் சொல்லும்போது, சாலமோனின் தாயை 'உரியாவின் மனைவி' என்றே குறிப்பிடுகிறார். தாவீது செய்த அநீதி, மீட்பரின் வம்சப் பட்டியலிலேயே பதிவாகிவிட்டது.

குடும்ப வரலாறு எழுதுபவர் யாராக இருந்தாலும் இந்தத் துணிவு அவருக்கு வேண்டும். தாத்தா வீடு கட்டியதை எழுதுவோம். அந்த வீடு யாருடைய உழைப்பில் எழுந்தது என்பதை எழுத மறந்துவிடுவோம். இன்று உங்களோடு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் கதையைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அமெரிக்கா ஆங்கிலேயரின் குடியேற்றப் பகுதியாக இருந்த காலத்தில், விசுவாசத்திற்காகக் கடல் கடந்து அங்கே போன குடும்பம் அது. கரோல் குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கும் சார்லஸ் கரோல் என்றே பெயர். கேட்கும் உங்களுக்குக் குழப்பம் வராதிருக்க, தாத்தா, மகன், பேரன் என்றே அவர்களைக் குறிப்பிடுகிறேன்.

தாத்தா 1661-இல் அயர்லாந்தில் பிறந்தவர். ஒரு காலத்தில் அவருடைய குலத்தார் பெரும் நிலத்திற்குச் சொந்தக்காரர்கள். ஆங்கிலேய ஆட்சியில் அயர்லாந்துக் கத்தோலிக்கரின் நிலங்கள் தொடர்ந்து பறிக்கப்பட்டன. 1650-களில் குரோம்வெல் படையெடுத்து வந்தபின் அது உச்சத்தை எட்டியது. கரோல் குலத்தாரும் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தார்கள். இளைஞரான சார்லஸ் பிரான்சில் கத்தோலிக்கக் கல்வி பெற்றார். பிறகு இலண்டனில் சட்டம் பயின்றார். அப்போது இங்கிலாந்தின் அரியணையில் இரண்டாம் ஜேம்ஸ் என்ற கத்தோலிக்க மன்னர் இருந்தார். ஆனால் நாடு அவரை ஏற்கவில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது யாருக்கும் தெரியாத நேரம்.

அப்போது ஒரு கதவு திறந்தது. அமெரிக்கக் கரையில் மேரிலாந்து என்ற குடியேற்றப் பகுதி இருந்தது. 1632-இல் இங்கிலாந்து மன்னர் அதைப் பால்டிமோர் பிரபு என்ற கத்தோலிக்கக் குடும்பத்திற்குப் பட்டயம் எழுதிக் கொடுத்திருந்தார். 1634-இல் முதல் குடியேற்றத்தார் வந்த கப்பல்களின் பெயர்கள் 'பேழை', 'புறா'. நோவாவின் கதையை நினைவூட்டும் பெயர்கள். அவ்வாண்டு மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, இயேசு சபைக் குரு ஆண்ட்ரூ ஒயிட் அங்கே திருப்பலி நிறைவேற்றினார். 1649-இல் கிறிஸ்தவர் யாரும் தம் சமயப் பிரிவுக்காகத் துன்புறுத்தப்படக் கூடாது என்று அங்கே சட்டமும் இயற்றப்பட்டது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் அருகருகே வாழ முயன்ற மண் அது.

பால்டிமோர் பிரபு 1688-இல் சார்லஸ் கரோலை மேரிலாந்தின் தலைமை அரசு வழக்கறிஞராக நியமித்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் அங்கே கரை இறங்கினார். புறப்படும்போது தம் குலத்தின் பழைய விருதுவாக்கை அவர் மாற்றிக்கொண்டார் என்று அக்குடும்பத்தின் மரபு சொல்கிறது. புதிய விருதுவாக்கு இலத்தீனில் இப்படி அமைந்தது: உபிகும்க்குவே கும் லிபெர்த்தாத்தே. எங்கே ஆனாலும், விடுதலையோடு என்பது அதன் பொருள்.

அன்பு மக்களே, இந்தச் சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இவற்றைச் சுற்றியே சுழல்கிறது.

தாத்தா வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே இங்கிலாந்தில் ஜேம்ஸ் மன்னர் அரியணை இழந்தார். 1689-இல் மேரிலாந்திலும் கிளர்ச்சி எழுந்து, பால்டிமோர் பிரபுவின் ஆட்சி கவிழ்ந்தது. கத்தோலிக்கருக்கு அரசுப் பதவிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான மைல் கடந்து எதற்காக வந்தாரோ அந்தப் பதவி ஒரே ஆண்டில் போயிற்று. அடுத்த ஆண்டு அவருடைய இளம் மனைவியும் மகப்பேற்றில் இறந்தார்.

இதன்பின் வந்த ஆண்டுகள் மேரிலாந்துக் கத்தோலிக்கருக்குக் கடினமானவை. 1704-இல் ஆளுநரின் ஆணைப்படி செயின்ட் மேரிஸ் நகரின் செங்கல் ஆலயம் பூட்டப்பட்டது. குருக்கள் பொதுவில் திருப்பலி நிறைவேற்றத் தடை. கத்தோலிக்கர் பள்ளி நடத்தத் தடை. பிறகு தனியார் வீடுகளுக்குள் மட்டும் திருப்பலிக்கு இசைவு கிடைத்தது. ஆகவே வசதி உள்ள குடும்பங்களின் வீட்டுச் சிற்றாலயங்களே பங்கு ஆலயங்களாயின. 1718-இல் கத்தோலிக்கரின் வாக்குரிமையும் பறிபோயிற்று.

தாத்தா கரோல் தலைவணங்கும் மனிதர் அல்லர். ஆளுநர்களோடு மோதிச் சிறைக்கும் போனார். ஆனால் பதவி இல்லை என்றானபின் அவர் தம் திறமையைப் பொருள் ஈட்டுவதில் செலுத்தினார். வழக்காடினார், வணிகம் செய்தார், கடன் கொடுத்தார், நிலம் வாங்கினார். பால்டிமோர் பிரபுவின் முகவரான ஹென்றி டார்னலின் மகள் மேரியை இரண்டாவதாக மணந்தார். அயர்லாந்தில் இழந்த இடங்களின் பெயர்களை மேரிலாந்தில் வாங்கிய நிலங்களுக்குச் சூட்டினார். அவற்றுள் ஒன்று டோகோரீகன். இழந்த ஊரின் பெயரைப் புதிய மண்ணில் எழுதிவைத்த அந்த மனிதரின் ஏக்கம் நமக்குப் புரிகிறது அல்லவா? பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன எவருக்கும் அது புரியும்.

1720-இல் அவர் இறந்தபோது அவருக்கு 47,000 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. அதே சொத்துக் கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: அடிமைகள் 112 பேர்.

இங்கே சற்று நிற்போம். நிலம் பறிக்கப்பட்டவர், விடுதலை தேடிக் கடல் கடந்தவர், விசுவாசத்திற்காகப் பதவி இழந்தவர், 112 மனிதர்களை ஆடுமாடுகளோடு சேர்த்துக் கணக்கெழுதத்தக்க சொத்தாக வைத்திருந்தார். அவருடைய செல்வத்தின் வேர் புகையிலை; புகையிலையை நட்டு, களை பறித்து, உலர்த்திக் கட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அவர்களுக்கும் இழந்த ஊர்கள் இருந்தன. அந்த ஊர்களின் பெயரை எந்த நிலத்துக்கும் சூட்டும் உரிமை அவர்களுக்கு இல்லை.

மகனின் காலத்திலும் கத்தோலிக்கரின் நிலை மாறவில்லை. 1756-இல் கத்தோலிக்கரின் நிலத்துக்கு இரட்டை வரி விதிக்கப்பட்டது. மனம் வெறுத்த மகன், பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த லூயிசியானாவுக்குக் குடிபெயரலாமா என்றுகூட விசாரித்துப் பார்த்தார்.

பேரன் 1737-இல் பிறந்தார். கத்தோலிக்கப் பள்ளி நடத்தத் தடை இருந்ததால், இயேசு சபையார் மறைவாக நடத்திய ஒரு சிறு பள்ளியில் அவர் சிறிது காலம் படித்தார். பதினொரு வயதளவில் கப்பலேறினார். கடலுக்கு அப்பால் செயின்ட் ஓமேர் என்னுமிடத்தில், ஆங்கிலக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் சேர்ந்தார். அவருடன் அங்கே படித்த உறவினர் ஒருவரின் பெயர் ஜான் கரோல். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பேரன் வீடு திரும்பியது 1765-இல். அப்போது அவருக்கு 27 வயது. இடைப்பட்ட காலத்தில், 1761-இல், அவருடைய தாய் இறந்துவிட்டார். கப்பலேறிய சிறுவன் தன் தாயின் முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை. விசுவாசத்திற்காக அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது. நாம் அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சட்டம் படித்துத் திரும்பியவருக்கு மேரிலாந்தில் வழக்காட உரிமை இல்லை. வாக்களிக்கவும் உரிமை இல்லை. ஆளுநர் அரசு அலுவலருக்கான கட்டணங்களைத் தம் ஆணையாலேயே நிர்ணயித்ததை, 1773-இல் பேரன் 'முதல் குடிமகன்' என்ற புனைபெயரில் செய்தித்தாளில் எதிர்த்து எழுதினார். எதிர்த்தரப்பில் எழுதியவர், கத்தோலிக்கரான இவருக்கு அரசியல் பேச என்ன உரிமை என்று கேட்டார். மக்களோ இவர் பக்கம் நின்றார்கள். மூன்றாண்டு கழித்து அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் ஒரே கத்தோலிக்கர் இவர்தான். அதே 1776-இல் மேரிலாந்தின் உரிமைப் பிரகடனம் கிறிஸ்தவர் அனைவருக்கும் சமய உரிமையில் சமமான பாதுகாப்பை அளித்தது. தாத்தா கரை இறங்கி 88 ஆண்டுகள் கழித்து அந்த விருதுவாக்கு பேரனின் காலத்தில் நிறைவேறிற்று. எங்கே ஆனாலும், விடுதலையோடு.

உடன் படித்த ஜான் கரோலோ இயேசு சபைக் குருவானார். 1789-இல் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பால்டிமோர் அவருடைய மறைமாவட்டம். ஜார்ஜ்டவுன் கல்லூரியை நிறுவியவரும் அவரே.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது அழகான கதை. பல புத்தகங்கள் இத்துடன் நிறுத்தியும் கொள்கின்றன. ஆனால் மத்தேயு 'உரியாவின் மனைவி' என்று எழுதியதை நினைத்துக்கொள்வோம்.

1773 டிசம்பர் முதல் நாள், அதாவது பேரன் ஆளுநரின் அதிகாரத்தை எதிர்த்து எழுதிய அதே ஆண்டில், டோகோரீகன் தோட்டத்தில் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அங்கிருந்த அடிமைகளின் பட்டியல். 300-க்கும் மேற்பட்ட பெயர்கள். குடும்பம் குடும்பமாக, வயதோடு எழுதப்பட்டிருக்கின்றன. தந்தை, தாய், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதுவும் ஒரு குடும்ப வரலாறுதான். அதை எழுதியவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்கு அது சொத்துக் கணக்கு.

அவர்களில் பலர் நம் சகோதர சகோதரிகள் என்பதை இன்னொரு ஆவணம் காட்டுகிறது. ஜான் கரோல் 1785-இல் உரோமைக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மேரிலாந்தில் ஏறத்தாழ 15,800 கத்தோலிக்கர் இருப்பதாகவும், அவர்களுள் சுமார் 3,000 பேர் ஆப்பிரிக்க வம்சத்து அடிமைகள் என்றும் அதில் எழுதினார். ஐவரில் ஒருவர்! வீட்டுச் சிற்றாலயத்தில் ஒரே திருப்பலி, ஒரே அப்பம். திருப்பலி முடிந்ததும் ஒருவர் உரிமையாளர், மற்றவர் உடைமை.

பேரனுக்கு இது உறுத்தவில்லையா? உறுத்தியது. 1797-இல் மேரிலாந்து மேலவையில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் மசோதா ஒன்றை அவர் கொண்டுவந்தார். அது தோற்றது. அடிமை முறை பெருந்தீமை என்பதை முதுமையில் கடிதத்திலும் ஒப்புக்கொண்டார். ஆனால் தம் தோட்டத்தில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை அவர் விடுவிக்கவில்லை. 1832-இல், 95 வயதில், பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் கடைசியாக அவர் இறந்தபோது, டோகோரீகன் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வெளியே வயல்களில் அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

தீமை என்று தெரிந்தது. மற்றவர்களும் மாறட்டும், சட்டம் வரட்டும் என்று காத்திருந்தார். சட்டம் வரவில்லை. வாழ்க்கை முடிந்துவிட்டது. அன்பு மக்களே, மூன்று தலைமுறைக் கதையில் என்னை மிகவும் அச்சுறுத்தும் இடம் இதுதான். கொடியவர் ஒருவரின் கதை என்றால் நாம் தப்பித்துக்கொள்ளலாம். இவர் நல்லவர்; செபித்தவர்; விசுவாசத்திற்காக இழந்தவர்.

திருஅவையும் இந்தக் குற்றத்திலிருந்து ஒதுங்கி நிற்க முடியாது. 1838-இல் மேரிலாந்து இயேசு சபையார், தங்கள் தோட்டங்களில் இருந்த 272 பேரை லூயிசியானாவின் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். விலை 1,15,000 டாலர். அதில் ஒரு பகுதி, ஜான் கரோல் நிறுவிய அதே ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போயிற்று. மறு ஆண்டு டிசம்பரில், பதினாறாம் கிரகோரி திருத்தந்தை அடிமை வணிகத்தைக் கண்டித்து மடல் வெளியிட்டார். விற்கப்பட்டவர்களுக்கு அது உதவவில்லை. அவர்கள் ஏற்கெனவே கப்பலேற்றப்பட்டிருந்தார்கள்.

ஆனால் அவர்கள் விசுவாசத்தை விடவில்லை. லூயிசியானாவில் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். திருமணத்தை ஆலயத்தில் பதிந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கராகவே நிலைத்தார்கள். பிற்காலத்தில் அவர்களுடைய வழித்தோன்றல்களைத் தேடியபோது, ஆலயப் பதிவேடுகள் பெரிதும் உதவின. சொத்துப் பட்டியலில் விலையாக இருந்த பெயர், திருமுழுக்குப் பதிவேட்டில் கடவுளின் பிள்ளையாக இருந்தது. 2017 ஏப்ரலில் ஜார்ஜ்டவுனில் நடந்த வழிபாட்டில், வழித்தோன்றல்கள் பலர் முன்னிலையில் இயேசு சபையும் பல்கலைக்கழகமும் மன்னிப்புக் கேட்டன. அந்த விற்பனைப் பட்டியலில் முதலாவதாக இருந்த ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் அங்கே ஒரு கட்டடத்திற்குச் சூட்டப்பட்டது. 179 ஆண்டுகள் தாமதம். என்றாலும் அது உண்மையான பாவசங்கீர்த்தனம். பாவத்தின் பெயரையும், பாதிக்கப்பட்டவரின் பெயரையும் சொல்லி ஏற்றுக்கொண்ட பாவசங்கீர்த்தனம்.

மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமை உங்களுக்குத் தெரியும். பெருங்கடன் மன்னிக்கப்பட்ட பணியாளர் வெளியே வந்ததும், தனக்குச் சிறு தொகை தரவேண்டிய உடன்பணியாளரின் கழுத்தைப் பிடித்தார். அவருடைய தவறு என்ன? தாம் காலில் விழுந்து கெஞ்சியதை அவர் மறந்துவிட்டார். அதே கெஞ்சல் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது அது தம் குரல்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. இஸ்ரயேல் மக்களுக்கும் ஆண்டவர் திரும்பத் திரும்ப நினைவூட்டியது இதைத்தான்: எகிப்தில் நீங்கள் அடிமைகளாய் இருந்ததை மறவாதீர்கள், உங்களிடையே வாழும் அந்நியரை ஒடுக்காதீர்கள். பட்ட துன்பம் தானாக நம்மை இரக்கமுள்ளவர்களாக ஆக்கிவிடாது. நினைவும் மனமாற்றமும் சேர்ந்தால்தான் இரக்கம் பிறக்கும்.

கரோல் குடும்பத்தை நியாயந்தீர்க்க நான் இதைச் சொல்லவில்லை. நம் கதையைப் பார்க்கச் சொல்கிறேன். நம் முன்னோரும் பலவாறு தாழ்த்தப்பட்டார்கள், துன்பப்பட்டார்கள் என்று பெருமூச்சோடு சொல்கிறோம். அதே நாம், நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோமா? நற்கருணையில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை கேட்கிறோமா? தவறு என்று தெரிந்தும், ஊர் மாறட்டும், பிறகு நானும் மாறுகிறேன் என்று காத்திருக்கிறோமா?

பங்கு அலுவலகத்தில் பழைய திருமுழுக்குப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். அதில் ஒரு பெயருக்கு அடுத்து இன்னொரு பெயர். பண்ணையாரின் பிள்ளைக்கும் பண்ணையாளின் பிள்ளைக்கும் ஒரே மை, ஒரே கோடு, ஒரே தண்ணீர். நாம் பதிவேட்டுக்கு வெளியே வந்ததும்தான் வரிசைகள் மாறிவிடுகின்றன.

இந்த வாரம் வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து உங்கள் குடும்ப வரலாற்றைப் பேசுங்கள். யார் எங்கிருந்து வந்தார், என்ன இழந்தார், எப்படி எழுந்தார் என்று சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: நாம் எழுந்து நின்றபோது யாருடைய தோளின்மேல் நின்றோம்? அவர்களுடைய பெயர் நம் வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா? நினைவிருந்தால், அந்தப் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் அருகில் இருந்தால், போய்ப் பாருங்கள்.

விடுதலை தேடி அலைந்தவர்களின் கடவுளே, எங்களுக்கு நீர் தந்த விடுதலையை எங்களுக்குள் பூட்டிவைக்காமல், பிறருக்கும் கதவைத் திறக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் கணக்குகளில் நாங்கள் எண்களாக எழுதியவர்களை, உம் வாழ்வின் நூலில் பெயரோடு எழுதியிருக்கிறீர் என்பதை எங்களுக்கு நினைவூட்டும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.